பழைய எஞ்சினில் புது கேம்ஷாஃப்ட்: சத்தம் என்ன சொல்கிறது?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"டெக்னிக்கலா ஏதாவது பேசு, ஆனா கணக்குப் போட்டு எங்களைத் தூங்க வைக்காதே" என்று செயலாளர் கட்டளை போட்டிருக்கிறார். ஒரே ஒரு கணக்கு மட்டும் வரும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

செவர்லே நிறுவனம் அமெரிக்காவில் 1955-ல் கொண்டு வந்த வி-8 எஞ்சினை 'ஸ்மால் பிளாக்' என்பார்கள். அதில் 350 கன அங்குல வகை, அதாவது 5.7 லிட்டர், 1967-ல் வந்தது. நம்ம அம்பாசிடர் எஞ்சின் மாதிரியே இதிலும் கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கும். லிஃப்டர், புஷ்ராட், ராக்கர் ஆர்ம் வழியாக வால்வு திறக்கும். அம்பாசிடரில் ஃபீலர் கேஜ் வைத்து டாப்பெட் அட்ஜஸ்ட் செய்தோமே, அந்த வேலை இதில் கிடையாது. பெரும்பாலும் ஹைட்ராலிக் லிஃப்டர்தான். உள்ளே இருக்கும் ஆயில், இடைவெளியைத் தானே நிரப்பிக் கொள்ளும்.

பழைய லிஃப்டரின் அடிப்பாகம் ஏறக்குறையத் தட்டையானது. கேம் மேலே உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுப்பொருள் வேண்டும். 2004-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தில், கார்களுக்குரிய வழக்கமான கிரேடுகளில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தி விட்டார்கள். அதனால்தான் பழைய வண்டிக்காரர்கள் பலர் ரோலர் லிஃப்டருக்கும் ரோலர் கேமுக்கும் மாறுகிறார்கள். 1987 மாடலிலிருந்து தொழிற்சாலையிலேயே ரோலர் போட ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய பிளாக்குகளில் அதற்கான அமைப்பு இல்லை. இரண்டிரண்டு லிஃப்டர்களை ஒரு பட்டையால் இணைத்து, திரும்பாமல் நிறுத்த வேண்டியிருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், தன் காலமான அப்பாவின் 1971 பிக்-அப் வண்டியில் இப்படி மாற்றினார். ஸ்டார்ட் செய்ததும் 'டக்டக்' சத்தம். ஒரு பட்டறையில் "பேரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். செலவைக் கேட்டு வண்டியை விற்றுவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். "விற்கிறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை எனக்குக் கொடுங்க" என்றேன்.

முதலில் ஆயில் பிரஷர். டாஷ்போர்டு விளக்கை நம்பாமல், மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தோம். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பது பழைய கைக்கணக்கு. அதற்குக் குறையவில்லை. குறைந்திருந்தால் அங்கேயே எஞ்சினை நிறுத்தியிருப்போம்.

அடுத்து, சத்தம் எந்த வேகத்தில் வருகிறது? கேம், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும். 600 ஆர்.பி.எம்.மில் ஒரு வால்வு விநாடிக்கு ஐந்து முறைதான் திறக்கும். டைமிங் லைட்டை ஒரு பிளக் வயரில் மாட்டினால் அதுவும் விநாடிக்கு ஐந்து முறை மின்னும். சத்தமும் மின்னலும் ஒரே தாளத்தில் போனால் சந்தேகம் வால்வு பக்கம். பிறகு ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்த்தோம். பேரிங் நாக் என்றால் அந்தச் சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் அடங்கும். இங்கே ஒன்றும் மாறவில்லை. பாதி பயம் போயிற்று.

நீள ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துத் தேடியபோது இரண்டு சத்தங்கள் இருப்பது தெரிந்தது. ஒன்று இடது பக்க வால்வு கவரில், சீரான 'டிக் டிக்'. இன்னொன்று முன்பக்கம் டைமிங் கவரில், தாளமே இல்லாத மந்தமான இடி.

முதல் சத்தம் அட்ஜஸ்ட்மென்ட். புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்த்தே 'ஜீரோ' என்று முடிவு செய்யக் கூடாது. மேலும் கீழும் ஆட்டி, ஆட்டம் நிற்கிற இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் அரைச் சுற்று. இங்கேதான் அந்தக் கணக்கு. ஸ்டட்டில் அங்குலத்துக்கு 24 மரை. அரைச் சுற்று என்றால் நட் 0.021 அங்குலம் இறங்கும். ராக்கர் விகிதம் 1.5 என்பதால் புஷ்ராட் பக்கம் அது 0.035 அங்குலம், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் ஆகிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு வால்வில் அதுகூட இல்லை. சரி செய்ததும் 'டிக் டிக்' நின்றது.

முன்பக்கச் சத்தம்தான் முக்கியமானது. பழைய கேமின் லோபில் லேசான சரிவு இருக்கும். அது கேமை எப்போதும் பின்பக்கம் பிளாக்கோடு தள்ளி வைக்கும். ரோலர் கேமில் சரிவு இல்லை. பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் கேம் முன்னும் பின்னும் நடக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கியர் சாய்பல் கொண்டது. கேம் நகர்ந்தால் இக்னிஷன் டைமிங்கும் ஆடும். டைமிங் லைட்டில் அந்தக் குறி ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தது. கவரைக் கழற்றினால், கேமின் முனையில் போட வேண்டிய த்ரஸ்ட் பட்டனைக் காணோம்! பட்டன் போட்டு, ஆட்டத்தை 0.005-லிருந்து 0.010 அங்குலத்துக்குள் வைத்தோம். கவர் மெல்லிய தகடு, பட்டன் தள்ளினால் வளையும். அதற்கும் முட்டுக் கொடுத்தோம்.

திறந்ததோடு மற்றவற்றையும் பார்த்தோம். ரோலர் லிஃப்டர் உயரமானது, பழைய 7.8 அங்குல புஷ்ராட் அதற்கு ஆகாது, அளந்து குட்டையானதைப் போட வேண்டும். பழைய ஸ்பிரிங்கையே விட்டால் அதிக வேகத்தில் வால்வு கேமைப் பின்தொடராமல் கலகலக்கும். லிஃப்ட் கூடினால் ராக்கரின் துளை ஸ்டட்டில் இடிக்கலாம். ஸ்டீல் கேமோடு பழைய வார்ப்பிரும்பு டிஸ்ட்ரிபியூட்டர் கியர் ஓடினால் தேய்ந்து பொடியாகும். அந்தப் பொடி ஆயிலோடு எங்கும் போகும்.

இத்தனைக்குப் பிறகும் தையல் மெஷின் ஓடுவது போல ஒரு மெல்லிய சத்தம் மிச்சம் இருந்தது. அது ரோலர் கேமின் சுபாவம். எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தால் பயமில்லை. நாளுக்கு நாள் கூடினாலோ, ஃபில்டரை அறுத்துப் பார்க்கும்போது இரும்புத் துகள் மின்னினாலோ ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ரோலருக்குள் இருக்கும் ஊசி பேரிங் சிதறினால் எஞ்சின் மொத்தமும் போய்விடும்.

பிக்-அப் விற்கப்படவில்லை. செலவு ஒரு பட்டன், ஒரு கேஸ்கட், ஒரு சனிக்கிழமை. நம்மில் பலர் இன்று ஃபைல் பார்க்கிற வேலையில் இருக்கிறோம். அங்கேயும் சத்தம் வந்த உடனே 'எஞ்சினை இறக்கு' என்று சொல்ல ஆட்கள் உண்டு. முதலில் பிரஷரைப் பாருங்கள், பிறகு தாளத்தைக் கேளுங்கள், அப்புறம் ஸ்பானரை எடுங்கள். இந்த வரிசையை நமக்குச் சொல்லிக் கொடுத்தது நம்ம லேப்தான்.