மலைக்கு முன்னால் கண்மாய்க்கரை

(நம் சங்கத்தின் தை மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் என்னிடம் பத்து நிமிஷம் பேசச் சொன்னார். விஷயம் உங்களுக்குத் தெரியும். நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், தேர்வு முடிந்ததும் மார்ச் கடைசியில் கியர் சைக்கிளில் மலைக்குப் போவதென்று திட்டம் போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாரமாக அதுதான் சண்டை. பெற்றோரில் பாதிப் பேர் "வேண்டவே வேண்டாம்" என்கிறார்கள். மீதிப் பேர் "எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒன்றுதான்: இந்தக் குடியிருப்பிலேயே கரடுமுரடான பாதையில் சைக்கிள் ஓட்டிக் கையை உடைத்துக்கொண்ட ஆள் நான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 47 வயதில் எனக்குச் சர்க்கரை என்றார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். நம் வளாகத்தை நாற்பது சுற்றுச் சுற்றியதில் சர்க்கரை குறைந்ததோ இல்லையோ, யார் வீட்டில் என்ன குழம்பு என்பது மட்டும் தெரிந்தது. மகன் வேலைக்குக் கோயம்புத்தூர் போனபோது விட்டுப்போன கியர் சைக்கிள் கீழே தூசி படிந்து நின்றது. ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு வைகை அணை வரை போய்வந்தேன். ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். திரும்பி வந்தபோது ஏதோ சாதித்துவிட்டது போல இருந்தது. அந்த நினைப்புத்தான் வினை. மூன்றாவது வாரமே தெப்பம்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சரளைச் சரிவில் இறங்கினேன். வேகம் பிடித்தது. பயத்தில் முன் பிரேக்கை முழுசாகப் பிடித்தேன். சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். "என்னங்க சார், இந்த இறக்கத்துல நாங்களே சைக்கிள உருட்டிக்கிட்டுத்தானே போவோம்" என்றார். அன்று வலியில் காதில் ஏறவில்லை. மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் ஏறியது. அந்த இடத்தைப் பற்றி அவரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கை சரியான பிறகு முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். அதில் இரண்டு மூன்று விஷயம் இங்கே இருக்கும் தம்பிகளுக்காக. எந்தக் கைப் பிரேக் எந்தச் சக்கரத்துக்கு என்று முதலில் பாருங்கள், எல்லாச் சைக்கிளிலும் ஒரே மாதிரி இருக்காது. வண்டியை நிறுத்தும் பலம் முன் பிரேக்கில்தான் அதிகம். அதனால் அதைத் தொடவே கூடாது என்று இல்லை. ஒரு விரல், இரண்டு விரலால் மெதுவாக, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சரிவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், சரளையில் இறங்கிய பிறகு அல்ல. இறங்கும்போது சீட்டில் உட்காராதீர்கள். இரண்டு பெடலையும் சம மட்டத்தில் வைத்து, அதன் மேல் நின்று, முட்டியையும் முழங்கையையும் லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். அப்போது குலுக்கலைக் கைகாலே வாங்கிக்கொள்ளும். ஏற்றத்துக்கு மூச்சு வாங்கிய பிறகு கியர் மாற்றினால் செயின் கடகடவென்று கத்தும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். பிறகு கண். கல்லையே பார்த்தால் கல்லில்தான் போய் ஏறுவீர்கள். போக வேண்டிய வழியைப் பாருங்கள்.

புதுச் சைக்கிள் வாங்கித் தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டி பார்க்கத்தான் மிரட்டும். எடை அதிகம், மிதிக்கிற பலத்தில் பாதியை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். அந்தப் பணத்தை நல்ல பிரேக்குக்கும் ஹெல்மெட்டுக்கும் கொடுங்கள்.

நம் ஊரில் இதற்கெல்லாம் மேலே ஒரு எதிரி உண்டு: நெருஞ்சி முள். முதல் மாதம் நான்கு தடவை பஞ்சர். இந்த விளையாட்டு பிறந்த கதையைப் படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. 1970களில் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் டமால்பைஸ் என்ற மலையில் சில இளைஞர்கள் பழைய, கனமான, பட்டை டயர் சைக்கிள்களை மேலே கொண்டுபோய் மண்பாதையில் இறங்கி விளையாடினார்கள். ஒரு தடவை இறங்கினாலே பின் சக்கரப் பிரேக்கில் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்துபோய்விடுமாம். மறுபடி கிரீஸ் அடைத்துத்தான் அடுத்த தடவை. அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1976இல் அங்கே பந்தயம் நடந்தது, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகிவிட்டது. அந்த அமெரிக்கர்களையும் ஒரு முள் பாடாய்ப் படுத்துகிறது. 'ஆட்டுத்தலை' என்று அவர்கள் திட்டுகிற அந்தச் செடி வேறொன்றும் இல்லை, நம் நெருஞ்சியேதான். ஆகவே ஒரு மாற்று ட்யூப், பஞ்சர் ஒட்டும் பொருள், கைப்பம்ப் மூன்றும் இல்லாமல் மண்பாதையில் இறங்காதீர்கள். ஒட்டத் தெரியாதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், சொல்லித்தருகிறேன்.

பழைய கனமான சைக்கிள் என்றவுடன் எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. விடிவதற்கு முன்னால் தோட்டத்திலிருந்து மல்லிகைக் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, கியர் இல்லாத சைக்கிளில், வண்டிப்பாதையில் வருகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களை யாரும் சாகச வீரர் என்று சொல்லவில்லை. அந்தப் பாதையில் எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் பள்ளம் என்பது அவர்களுக்கு இருட்டிலும் தெரியும். பாதையைத் தெரிந்தவனுக்கு அது பாதை, நம்மைப் போல் தெரியாதவர்களுக்குத்தான் சாகசம்.

சரி, பிள்ளைகளின் திட்டத்துக்கு வருகிறேன். அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் யாரும் மலையேற்றம் பற்றிப் பேச முடியாது.

2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. காட்டுத் தீயில் மாட்டிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளவயதினர், நம் பிள்ளைகளைப் போலப் படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள். ஆர்வத்துக்கோ தைரியத்துக்கோ அவர்களிடம் குறைவில்லை. மார்ச் மாதத்து மலை எப்படி இருக்கும் என்பது வெளியூரிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? வடகிழக்குப் பருவமழையில் இடுப்பளவு வளர்ந்த புல், மாசி பங்குனியில் காய்ந்து வைக்கோலாகிவிடும். மேலே காற்று. சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது ஆள் ஓடுவதைவிட வேகமாக ஏறும். முதலில் ஓடிப்போய்க் காப்பாற்ற முயன்றவர்களில் குரங்கணி ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அந்தச் சரிவு அவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் 2018இலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2021இல் மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. ஆகவே 'யூடியூபில் ஒருவர் போயிருக்கிறார்' என்று காட்டுக்குள் சைக்கிளை விட முடியாது. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். யானைக்கு நம் ஹெல்மெட் பற்றி ஒன்றும் தெரியாது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப் பாதைகளைத் திறந்துவிட்டது. இணையத்தில் பதிவுசெய்து, உள்ளூர் வழிகாட்டியோடு நடந்து போகலாம். நம் மாவட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு, சின்னச்சுருளி–தென்பழனி பாதைகள் அதில் உண்டு. தீ அபாயம் உள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் வாதாட வேண்டாம். அங்கே போவது என்றால் சைக்கிள் வீட்டில் இருக்கட்டும், காலால் போங்கள். அதுவும் மார்ச் கடைசியில் வேண்டாம். மழைக்காலம் முடிந்த கையோடு, தீக்காலம் தொடங்குவதற்குள் போகப் பாருங்கள். புல் பச்சையாக இருக்கும்போது அந்த மலை எவ்வளவு அழகு என்று அப்போதுதான் தெரியும்.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் அவர்கள் நமக்குத் தெரியாமல் போவார்கள். நானும் அந்த வயதில் வீட்டுக்குத் தெரியாமல் கிணற்றில் குதித்தவன்தான். ஆகவே இப்போதிலிருந்து மார்ச் வரை கண்மாய்க்கரையில் தொடங்குவோம் என்கிறேன். மண், சரளை, சின்ன ஏற்றம், சின்ன இறக்கம் எல்லாம் அங்கே இருக்கிறது. விழுந்தாலும் அரை மணியில் வீட்டுக்கு வந்துவிடலாம். நான்கைந்து வாரம் அங்கே பழகிய பிறகு தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை. அது யாருடைய நிலம் என்று கேட்டுவிட்டு. அதற்குப் பிறகு மாவூற்று வேலப்பர் கோயில் வரை ஒருநாள் முழுப் பயணம். கணவாய்ப் பக்கம் மட்டும் பழகப் போகாதீர்கள். அது மதுரை நெடுஞ்சாலை, பஸ்ஸும் லாரியும் வளைவில் நமக்காகக் காத்திருக்காது.

ஆனி, ஆடியில் ஓட்டுகிறவர்கள் காற்றைக் கணக்கில் வையுங்கள். கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டுவைக்கவில்லை. போகும்போது மேற்கே எதிர்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்படி வையுங்கள். நான் ஒருமுறை தலைகீழாகச் செய்து, கடைசி ஐந்து கிலோமீட்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன்.

பெரியவர்களுக்கும் இதில் இடம் உண்டு. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதிக்க முடிந்தால் அது மிதமான வேகம். பேச்சு திக்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருதரம் கரையில் கை நடுங்கி வியர்த்தபோது அதுதான் உதவியது. சைக்கிள் ஓட்ட முடியாதவர்களுக்கு நம் மாடிப்படி இருக்கிறது. லிஃப்டை விட்டுவிட்டுத் தினம் நான்கு தடவை ஏறி இறங்கினால், அடுத்த வருஷம் சின்னச்சுருளிப் பாதைக்கு நீங்களும் வரலாம்.

வருகிற ஞாயிறு காலை 5:45-க்குக் கேட்டுக்கு முன்னால் கூடுவோம். ஹெல்மெட் இல்லாதவர்களுக்கு அன்று நடைதான், அதில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களோடு வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். எட்டு மணிக்குள் திரும்பிவிடுவோம், அதற்கு மேல் வெயில் ஏறிவிடும். பம்ப் என்னிடம் இருக்கிறது. திரும்பி வந்ததும் மோர் தருவதாக ஏ பிளாக்கில் இரண்டு வீட்டார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். டம்ளர் மட்டும் அவரவர் கொண்டுவாருங்கள்.