வரவும் செலவும் சமம்



வாய்க்கால் இரண்டாகப் பிரிந்தால், வந்த தண்ணீர்தான் இரண்டிலும் சேர்ந்து போகும். மின்சாரமும் அப்படித்தான். கம்பிகள் சேருமிடத்தில் வரவும் செலவும் சமம்.

ஒரு சுற்றில் கிடைக்கும் வோல்ட் முழுவதும் அந்தச் சுற்றிலேயே செலவாகும்.

இந்த இரண்டு விதிகளையும் 1845-இல் கிர்க்காஃப் என்ற ஜெர்மானிய மாணவர் வகுத்தார்.

ஒரு வீட்டில் காலை அவசரம். ஒரே 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் இஸ்திரிப் பெட்டியும் மிக்சியும் ஓடுகின்றன. இரண்டும் இரண்டு சுற்று. ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட். வாட்டை 230-ஆல் வகுத்துப் பாருங்கள்.

பெட்டி 920 வாட்: 4 ஆம்பியர்.
மிக்சி 690 வாட்: சுமார் 3 ஆம்பியர்.

சேர்ந்தால் 7! கம்பி சூடாகும், தீப்பிடிக்கலாம்.

ஒன்றை நிறுத்துங்கள். ஃபியூஸ் போனால் தடித்த கம்பி கட்டாதீர்கள். கணக்கு தெரிந்தால் வீடு தப்பும்.