மண்ணுளிக்கு ஏது தீட்டு?

(கல்வராயன் மலை, வெள்ளிமலையில் மாணவர்களுக்காக நடந்த இரண்டு நாள் இயற்கை முகாமின் நிறைவில் பேசியது. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நேற்றிலிருந்து நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புலியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. யானையையும் காணோம். அலங்கு என்றீர்கள், தேவாங்கு என்றீர்கள், மண்ணுளிப் பாம்பு என்றீர்கள். கண்ணெல்லாம் விரியப் பேசினீர்கள். ஒரு தங்கச்சி மட்டும் எழுந்து, "எங்க தாத்தா உடும்பு புடிச்சவருண்ணே. அவரு சொன்னதெல்லாம் இங்க சொல்லலாமா, இல்ல கேஸ் ஆயிடுமா?" என்று கேட்டது. சிலபேர் சிரித்தீர்கள். அந்தக் கேள்விக்கும் அந்தச் சிரிப்புக்கும்தான் நான் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. நம்ம ஊரில் மனுசனுக்கு மட்டும் சாதி இல்லை, மிருகத்துக்கும் இருக்கிறது. பசு மேலே, பன்றி கீழே. மயிலும் கருடனும் மேலே, ஆந்தையும் வௌவாலும் கீழே. இந்தப் படிக்கட்டை மிருகங்களா கட்டிக்கொண்டன? கட்டியவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். மேலே இருக்கிற மிருகம் சாமிக்கு வாகனம். கீழே இருக்கிற மிருகம் நமக்கு வசவு. "பன்னி மேய்க்கிறவன்", "தேவாங்கு மாதிரி இருக்கான்" என்று எத்தனை பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்! 1927 மார்ச் 20ஆம் தேதி பாபாசாகேப் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினாரே, அது ஆடு மாடு குடிக்கலாம், நாம் குடிக்கக்கூடாது என்றிருந்த குளம். மிருகத்தைக் காட்டி மனுசனைக் கீழே தள்ளுவது, மனுசனைக் காட்டி மிருகத்தைக் கீழே தள்ளுவது, இரண்டும் ஒரே கைவேலைதான்.

இதற்கு மண்ணுளியைவிட நல்ல சாட்சி கிடையாது. "மண்ணுளி நக்கினா குஷ்டம் வரும்" என்று நம் ஊர்களில் சொல்வார்கள். குஷ்டம் பாக்டீரியாவால் வருவது. அதற்கு மருந்து இருக்கிறது, மருந்து தின்றால் குணமாகும். மண்ணுளிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்கு விஷமே கிடையாது. மண்ணுக்குள் புதைந்துகிடந்து எலி பிடித்துத் தின்கிற பிராணி. வால் மழுங்கித் தலைபோலவே இருக்கிறது. எதிரி வந்தால் தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு வாலைக் காட்டும். தாக்குகிறவன் வாலைத் தாக்கட்டும், தலை பிழைக்கட்டும் என்கிற தந்திரம். இதைப் பார்த்துத்தான் 'இருதலைப் பாம்பு' என்றார்கள். தொட்டால் வியாதி என்று ஒரு பக்கம் தீட்டு. வீட்டில் வைத்தால் புதையல் கிடைக்கும், வெளிநாட்டில் லட்சம் கோடி என்று இன்னொரு பக்கம் பேராசை. தீட்டும் பேராசையும் சேர்ந்து ஒரு சாதுப் பிராணியைச் சாக்குப் பைக்குள் தள்ளிவிட்டன. பேரம் பேசுகிறவன் காரில் இருப்பான். சாக்கைத் தூக்குகிறவன் நம்ம ஆள். மாட்டுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேவாங்குக்கு வாருங்கள். உள்ளங்கைகளில் அடங்குகிற உடம்பு, அதில் பாதி கண்ணோ என்று தோன்றும். ராத்திரியில் கிளைக்குக் கிளை சத்தமில்லாமல் நகர்ந்து பூச்சி பிடிக்கும். விவசாயிக்குச் சம்பளம் கேட்காத காவல்காரன். மந்திரம், மருந்து என்று சொல்லி அதன் கண்ணுக்காகவே அதைக் கொன்றார்கள். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 'கடவூர் தேவாங்கு சரணாலயம்' என்று அறிவித்தார்கள். நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. ஆக, வசவுச் சொல் ஒன்று அரசாணையில் மரியாதையாக ஏறிவிட்டது. வசவுச் சொற்கள் தலைகீழாகும் என்பதை நம்மைவிட யார் அறிவார்கள்?

அலங்கு கதை இன்னும் வேதனை. வாயில் ஒரு பல் கிடையாது. நீள நாக்கால் எறும்பையும் கரையானையும் நக்கித் தின்னும். குட்டி தாயின் வால்மேல் சவாரி போகும். ஆபத்து என்றால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையிடம் அந்தச் சுருளல் செல்லும், மனுசனிடம் செல்லாது. சுருண்டதை அப்படியே எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். எதற்கு? செதிலுக்கு. அந்தச் செதில் என்ன? நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனது. நகத்தைக் கடித்தால் நோய் போகும் என்றால் நம்மில் பாதிப்பேர் நோயில்லாமல் இருக்க வேண்டும். 2016இல் உலக நாடுகள் கூடி அலங்கு வியாபாரத்துக்கு முழுத் தடை போட முடிவெடுத்தன. கடத்தல் இன்னும் நின்றபாடில்லை.

இப்போது அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். உடும்பு பிடிப்பது குற்றம்தான். 1972ஆம் வருஷச் சட்டத்தில் உடும்பும் அலங்கும் தேவாங்கும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 'ஹத்தா ஜோடி' என்று ஒரு வேர், பூஜை அறையில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று விற்றார்கள். 2017இல் சோதித்துப் பார்த்தால் அது வேரே இல்லை, உடும்பின் காய்ந்த ஆண்குறி! அதை வாங்கிப் பட்டுத்துணியில் வைத்துக் கும்பிட்டவர் பக்தர். பிடித்துக் கொடுத்தவன் மட்டும் காட்டுமிராண்டி. இதுதான் பொதுப்புத்தியின் நியாயம்.

தாத்தாவின் தொழில் வேறு, தாத்தாவின் அறிவு வேறு. தொழில் நிற்க வேண்டும். அறிவு நிற்கக்கூடாது. இது எனக்குக் கனவில் வந்த யோசனை இல்லை, நம் இருளர் மக்கள் செய்து காட்டியது. ஒரு காலத்தில் அவர்கள் பாம்பு பிடித்தது தோல் வியாபாரிகளுக்காக. லாபம் ஏற்றுமதிக்காரனுக்கு, கடி இருளருக்கு. 1970களில் சட்டமும் ஏற்றுமதித் தடையும் வந்ததும் அடுப்பு அணைந்தது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து வருகிறது. இந்த நாட்டில் பாம்புக் கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் செத்திருக்கிறார்கள் என்று 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் கிராமத்து ஜனம். அந்தச் சாவைத் தடுக்கிற மருந்துக்குப் பின்னால் இருப்பது எழுதப் படிக்காத கண்களின் அறிவு.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகிக் கிடந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேட ஆராய்ச்சியாளர்கள் கூப்பிட்டார்கள். முதல் 8 நாளில் 13 பாம்பு, அதில் ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நல்லது, கைதட்டுவோம். ஆனால் கைதட்டுகிற அதே நாட்டில் சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் இருளர் இன்னும் தாலுக்கா ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

இந்த மலையும் அப்படித்தான். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் கிடந்த மலை இது. ஒவ்வொரு ஓடைக்கும் மரத்துக்கும் பெயர் தெரிந்த மலையாளிப் பழங்குடி மக்கள், நாடு சுதந்திரமடைந்த பிறகும் தங்கள் நிலத்தில் அன்னியராக இருந்தார்கள். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டை அறிந்தவனுக்கும் காட்டில் உரிமை உண்டு என்றது. ஏட்டில் சொன்னது காட்டில் வந்து சேர்வதற்குத்தான் இன்னும் போராடுகிறோம்.

நான் வங்கியில் எழுத்தர். பேரேட்டில் ஏறாத பணம் பணமே இல்லை என்பது எங்கள் ஆபீஸ் நியாயம். அறிவுக்கும் அதே நியாயத்தை வைத்துத்தான் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். எழுதியவன் விஞ்ஞானி. காட்டிக்கொடுத்தவன் 'உள்ளூர் ஆள்'. அவன் பேர் கூட இருக்காது.

அதனால் தங்கச்சி, தாராளமாகச் சொல்லும்மா. சொல்வதோடு நிற்காதே, எழுது. உடும்பு எந்த மாசத்தில் எந்தப் புற்றில் முட்டை வைக்கும், மண்ணுளி எந்த மழைக்கு வெளியே வரும், அலங்கு தோண்டிய வளைக்கும் நரி வளைக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் தாத்தாவிடம் கேட்டு ஒரு நோட்டில் ஏற்று. தேதி போடு, இடம் போடு. மேலே தாத்தாவின் பேரைப் போடு. தாத்தா சொன்னதில் தப்பு இருந்தால் அதையும் பார்த்துச் சரிபார்த்து எழுது. மரியாதை என்பது சரிபார்க்காமல் நம்புவது இல்லை. ஒன்று மட்டும் கவனம். அலங்கு வளை, தேவாங்கு மரம் இருக்கிற இடத்தை வெளியாருக்குச் சொல்லாதே. கேட்கிறவர்களில் வியாபாரியும் இருப்பான்.

சிரித்த தம்பிகளுக்கு ஒன்று. நீங்கள் புத்தகத்தில் பார்த்து வியந்த பிராணியை அந்தத் தாத்தா கையில் தொட்டவர். அடுத்த முகாமில் அவர் இந்த மேடையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்போம்.

ஜெய்பீம்.