தங்க வயலின் பேரேடுகளும் பி.எச்.டி. படிப்பும்

(கோலார் தங்க வயலில் மாணவர்களுக்கான மேற்படிப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பி.இ., எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "பயோமெடிக்கல் இன்ஃபர்மேடிக்ஸில் பி.எச்.டி. பண்ணலாமா? எந்த யூனிவர்சிட்டி நல்லது?" யூனிவர்சிட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். படிப்பு எதைப் பற்றியது என்பதை முதலில் பார்ப்போம். அதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ல் இங்கே வந்ததும், 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும், 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டதும் இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது சுரங்கத் தூசி. பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிகாத் துகள் நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்கும். அதுதான் சிலிகோசிஸ். 1940களில் இங்கே 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அந்த ஆய்வைக் குறிப்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

நம் குடும்பங்களிலிருந்து இங்கே உத்தியோகத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆபீஸிலும் கணக்கிலும் இருந்தார்கள். கீழே இறங்கித் தூசியைச் சுவாசித்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த ஏழைத் தொழிலாளர்கள். பேரேட்டை எழுதியவர்கள் ஒரு பக்கம், அதில் பெயர் எழுதப்பட்டவர்கள் மறுபக்கம். சபையில் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஏனென்றால் இந்தப் படிப்பே பேரேட்டைப் பற்றியதுதான்.

சிலிகோசிஸ் வேலையை விட்ட பிறகும் வளரக்கூடிய நோய். சுரங்கம் மூடியபோது 40 வயதாக இருந்தவர் இன்று 60ஐத் தாண்டிவிட்டார். இங்கிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூரில் வேறு வேலை பார்த்திருப்பார். அங்கே இருமலோடு டாக்டரிடம் போகிறார். "முன்பு என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று யாரும் கேட்காவிட்டால், சீட்டில் டி.பி. என்று விழுந்துவிடும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். சிலிகோசிஸ் உள்ளவருக்கு டி.பி. வரும் அபாயமும் அதிகம் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சர்வதேச நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் சிலிகாத் தூசி நோய்க்கு ஜே 62, டி.பி.யும் சேர்ந்தால் ஜே 65, நுரையீரல் டி.பி. மட்டும் என்றால் ஏ 15 அல்லது ஏ 16. எந்த எண் விழுகிறதோ அதைப் பொறுத்துத்தான் அவர் தொழில் நோயாளியா, சாதாரண நோயாளியா என்பது தீர்மானமாகிறது. நஷ்ட ஈட்டுக் கேள்வியும் அங்கேதான் இருக்கிறது.

இனி ஒரு ஆராய்ச்சி மாணவன் செய்ய வேண்டியதைப் பாருங்கள். எந்த ஷாஃப்டில் எத்தனை வருஷம் வேலை என்ற சர்வீஸ் பதிவு, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, மரணப் பதிவு இத்தனையும் ஒரே ஆளுடையவை என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷில் எழுதும்போது முனுசாமி ஒரு பதிவில் முனிசாமி ஆவார், இன்னொன்றில் முனிஸ்வாமி. தகப்பனார் பெயர் ஒரு இடத்தில் இனிஷியல், ஒரு இடத்தில் முழுப் பெயர். பிறந்த தேதி உத்தேசம். அமெரிக்கப் பெயர்களுக்கென்று எழுதிய புரோகிராம் இங்கே தடுமாறும். நம் பெயர்களுக்கு ஒரு நல்ல முறை கண்டுபிடிப்பதே ஒரு தீசிஸுக்குப் போதும்.

எக்ஸ்ரேயும் அப்படித்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அளவுகோலில் 12 படிகள் உண்டு. பயிற்சி பெற்ற இரண்டு டாக்டர்கள் ஒரே படத்துக்கு வெவ்வேறு படி சொல்வது சகஜம். ஒரே டாக்டரே மறுமாதம் மாற்றிச் சொல்வதும் உண்டு. பிறகு யாருடைய தீர்ப்பை வைத்துக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது? இந்தக் கேள்வி வரும்வரை அது வெறும் புரோகிராமிங். வந்த பிறகுதான் ஆராய்ச்சி.

நம்மைப் போன்ற இன்னொரு தங்க ஊர் ஜோகன்னஸ்பர்க். சர்வதேச சிலிகோசிஸ் மாநாடு 1930ல் அங்கேதான் கூடிற்று. இறந்த சுரங்கத் தொழிலாளர்களின் பிரேதப் பரிசோதனை விவரங்களை 1975லிருந்து அங்கே கம்ப்யூட்டரில் சேர்த்து வருகிறார்கள். அதை வைத்துப் பல ஆய்வுகள் வந்துள்ளன. தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தொடுத்த வழக்கில் 2019ல் சமரசத்துக்குக் கோர்ட் ஒப்புதல் தந்தது. நஷ்ட ஈடு கேட்பவர்களுக்கு அங்கே சர்வீஸ் பதிவு முக்கிய ஆதாரம்.

நம் ஜில்லாவிலும் நல்ல உதாரணம் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையத்தார், ஸ்ரீனிவாசபுரம் தாலுகாவில் 45 வயதுக்கு மேற்பட்ட 10,000 கிராமவாசிகளை வருஷக்கணக்கில் பின்தொடரும் ஆய்வை நடத்துகிறார்கள். மறதி நோயைப் பற்றியது. ரத்தம், மரபணு, ஸ்கேன், ஞாபக சக்திச் சோதனை எல்லாம் ஒரே மனிதரின் பெயரில் சேர்கின்றன.

இனி யூனிவர்சிட்டி. இந்தியாவில் இந்திய அறிவியல் கழகம், எலெக்ட்ரானிக் சிட்டியிலுள்ள ஐ.பி.ஏ.பி., ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆகியவற்றில் இதையொட்டிய ஆராய்ச்சி உண்டு. கேட் அல்லது நெட் எழுதுங்கள். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். அமெரிக்காவில் யூட்டா, கொலம்பியா, ஸ்டான்ஃபோர்ட், வாண்டர்பில்ட் பெயர் பெற்றவை. ஆனால் அங்கே தேசிய மருத்துவ நூலகத்தின் பயிற்சி உதவித்தொகை அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும்தான். நம் பிள்ளைகள் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியையோ, யூனிவர்சிட்டி உதவியையோதான் நம்ப வேண்டும். ஆகவே யூனிவர்சிட்டியின் பெயரைவிட, எந்தப் பேராசிரியர், அவரிடம் நிதி எத்தனை வருஷத்துக்கு என்று விசாரிப்பது முக்கியம். ஐந்து வருஷம் ஆகும் என்பதையும், கூடப் படித்தவன் அதற்குள் வீடு வாங்கிவிடுவான் என்பதையும் பெற்றோர் இப்போதே மனதில் வாங்கிக்கொள்வது நல்லது.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பிள்ளைகள் தொந்தரவு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2023ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவருடைய நுரையீரலின் விவரத்தை எடுக்குமுன் அவரையோ, அவர் குடும்பத்தாரையோ கேட்பதுதானே முறை?

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் சுரங்க ஆபீஸ் நோட்டு, சர்வீஸ் சர்டிபிகேட், பழைய எக்ஸ்ரே என்று ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். தேதியும் பெயரும் தெரிகிற மாதிரி ஒரு உறையில் போட்டு வையுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.