வானத்துக் கல் நம் பிளாக் மேல் விழுமா?

(நம் குடியிருப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் மொட்டை மாடியில் பிள்ளைகளோடு நின்றிருந்தேன். ஓர் எரிநட்சத்திரம் கோடு போட்டு மறைந்தது. "தாத்தா, இது நம்ம பிளாக் மேல விழுமா?" என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. உங்களுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சின்னக் கல் அடிக்கடி வரும். பெரிய கல் அபூர்வமாக வரும். தூசியாகவும் மணலாகவும் தினமும் பல டன் வருகிறது. கார் அளவுள்ள கல் சராசரியாக வருடத்துக்கு ஒன்று வந்து, பெரும்பாலும் காற்றிலேயே எரிந்து சிதறிவிடுகிறது. டைனோசர்களை அழித்தது சுமார் 10 கிலோமீட்டர் அகலக் கல். அது விழுந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? சின்னக் கற்கள் எரியும் வெளிச்சத்தைக் கேமராக்களும் செயற்கைக்கோள்களும் பதிவு செய்கின்றன. அதைவிடப் பெரியவற்றைத் தொலைநோக்கி மூலம் எண்ணுகிறார்கள். மிகப் பெரியவற்றுக்கு நிலாதான் கணக்குப் புத்தகம். அங்கே மழையும் இல்லை, காற்றும் இல்லை. விழுந்த பள்ளம் லேசில் அழியாது. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த பாறைகளின் வயது தெரியும். அந்த இடத்துப் பள்ளங்களை எண்ணினால் எத்தனை ஆண்டுக்கு ஒன்று என்பது கிடைத்துவிடும்.

ஆனால் இது சராசரிதான், பஸ் டைம்டேபிள் அல்ல. நம் லிஃப்ட் மாதத்துக்கு 2 முறை நிற்கிறது என்று வையுங்கள். 2 முறை நின்றுவிட்டதால் இனி இந்த மாதம் நிற்காது என்று யாராவது நம்புவோமா?

2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர வானில் சுமார் 20 மீட்டர் அகலக் கல் ஒன்று வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் முன்கூட்டி யாரும் பார்க்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்துப் பலர் ஜன்னலுக்கு ஓடினார்கள். வெளிச்சம் முதலில் வரும், அதிர்வலை பின்னால்தான் வரும். அது நகரை எட்ட 2 நிமிடத்துக்கு மேல் ஆனது. வந்ததும் ஜன்னல்கள் நொறுங்கின. சுமார் 1,500 பேருக்குக் காயம். பெரும்பாலும் கண்ணாடித் துண்டுகளால். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பள்ளி ஆசிரியை ஒருவர் மட்டும் பிள்ளைகளை உடனே மேசைக்கு அடியில் பதுங்கச் சொன்னார். 44 பிள்ளைகளும் தப்பினார்கள்.

அந்தக் குட்டிக்கு என் பதில்: நம் பிளாக்கில் விழும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, பயப்படாதே. ஆனால் வானம் திடீரென்று கண் கூசும்படி மின்னினால், போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடாதே. கண்ணாடியை விட்டு விலகி, சில நிமிடம் உள்ளேயே இரு.

வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.