கிட்டப்பார்வையும் நம் பிள்ளைகளும்

(லால்குடியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வி உதவி மனுக்களை வாங்கும்போது, "நன்றாகப் படித்த பிள்ளை, இப்போது மார்க் குறைகிறது" என்று சில பெற்றோர் நம்மிடம் சொல்கிறார்கள். விசாரித்தால், போர்டில் எழுதுவது அந்தப் பிள்ளைக்குச் சரியாகத் தெரிவதில்லை. கண்ணாடி போடச் சொன்னால் இரண்டு தயக்கம் வருகிறது. ஒன்று, "போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும்." இன்னொன்று, "பெண் பிள்ளையாயிற்றே, நாளைக்கு நிக்காஹ் பேசும்போது குறை சொல்வார்களே." இந்தத் தயக்கங்களுக்கு விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி என்ன பதில் தருகிறது என்பதை இன்று பார்ப்போம்.

கிட்டப்பார்வை என்றால் பக்கத்தில் உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளது மங்கலாக இருக்கும். கண்ணின் நரம்பு பலவீனம் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. பிறந்த குழந்தையின் விழி முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்தவருக்குச் சுமார் 24. இந்த வளர்ச்சி அளவை மீறி விழி நீண்டுபோனால், பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இரண்டரை பவர் அளவுக்கு மைனஸ் வந்துவிடும்.

விழி ஏன் நீள்கிறது? பார்வைக் கோளாறு பரம்பரை என்றே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். நியூயார்க்கில் ஜாஷ் வால்மன் என்ற உயிரியலாளர் கோழிக்குஞ்சுகளை வைத்து ஆராய்ந்தார். குஞ்சின் பார்வையை மறைத்தால் விழி நீண்டது. 1987இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், பார்வையின் ஒரு பாதியை மட்டும் மறைத்தபோது விழியின் அந்தப் பாதி மட்டுமே நீண்டிருந்தது. விழித்திரை தான் பார்ப்பதை வைத்து விழியின் வளர்ச்சியைத் தானே நடத்துகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று பலர் நம்பிய காலத்தில், ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கியவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். அப்படி வரும் ஒளி பார்வையைத் தருவதோடு வளரும் விழியின் அளவையும் தீர்மானிக்கிறது என்பது ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு தெரிய வந்திருக்கிறது, சுப்ஹானல்லாஹ்.

இந்தத் துறையில் நம் மாநிலத்தில் படித்த ஒரு பெண்மணி பெயர் பெற்றிருக்கிறார். பத்மஜா சங்கரிதுர்க், சென்னை எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியில் 1989இல் பட்டம் பெற்றவர். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில் பணியாற்றி, 1999இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் சிட்னியின் பிரையன் ஹோல்டன் நிறுவனத்தில் கிட்டப்பார்வை ஆராய்ச்சியை நடத்தினார்.

சாதாரணக் கண்ணாடி நடுப்பார்வையைத் திருத்துகிறது. ஆனால் ஓரப்பார்வையில் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழலாம். அதுவே விழியை மேலும் நீளத் தூண்டுமோ என்ற கேள்வி இருந்தது. ஓரத்தையும் திருத்தும் கண்ணாடிகளைச் சீனாவில் 210 பிள்ளைகளை வைத்து அவர் குழு சோதித்தது. ஒட்டுமொத்தமாகப் பெரிய பலன் இல்லை. பெற்றோருக்கும் கிட்டப்பார்வை உள்ள சிறு பிள்ளைகளுக்கு மட்டும், ஒரு வகைக் கண்ணாடியில் பவர் ஏறுவது சுமார் 30 சதவீதம் குறைந்தது. 2010இல் இதை மறைக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, அதே எண்ணத்தில் செய்த கான்டாக்ட் லென்ஸில் ஓராண்டில் சுமார் 34 சதவீதம் குறைந்ததாக அறிவித்தார்கள். இன்று பவர் ஏறுவதை மட்டுப்படுத்தும் லென்ஸும் சொட்டு மருந்தும் கிடைக்கின்றன. யாருக்குத் தேவை என்பதைக் கண் மருத்துவரே சொல்ல வேண்டும்.

இனி, காசு செலவில்லாத ஒரு வழி. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் 6, 7 வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008இல் ஒரு ஆய்வு வந்தது. கிட்டப்பார்வை சிட்னியில் 3.3 சதவீதம், சிங்கப்பூரில் 29.1 சதவீதம். பெற்றோரின் கண் நிலை இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகமும் அதிகம் படித்தார்கள். ஆனால் வாரத்தில் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம்தான். சீனாவின் குவாங்ஷோவில் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்துக்குப் பதில் 30.4 சதவீதம். பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் சுரந்து விழி நீள்வதைத் தடுக்கிறது என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து. மர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. உச்சி வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை.

ஏற்கெனவே வந்த பவரை வெளிச்சம் இறக்காது. அதற்குக் கண்ணாடிதான். போட்டால் ஏறும் என்ற பயமும் வேண்டாம். மலேசியாவில் பவரைக் குறைத்துக் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2002இல் வந்தது. முழுப் பவர் அணிந்த பிள்ளைகளைவிட, குறைத்து அணிந்தவர்களுக்கே அதிகமாக ஏறியது. விழி வளரும் வயதில் ஏறுகிறது, கண்ணாடியால் அல்ல. கவனிக்காமல் விட்டு மிக அதிகப் பவர் ஆனால், பின்னாளில் விழித்திரை பிரியும் அபாயம் கூடுகிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. பையன் தெருவில் பந்து விளையாடுகிறான். பெண் பிள்ளை பத்து வயதிலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறாள். வெளிச்சம் அவளுக்குத்தான் குறைகிறது, கண்ணாடியும் அவளுக்குத்தான் மறுக்கப்படுகிறது. முற்றமோ மொட்டை மாடியோ, அவள் விளையாட இடம் கொடுங்கள். கண்ணாடியை நிக்காஹ் பேச்சில் குறையாகச் சொல்வதில்லை என்று மாப்பிள்ளை வீட்டாராகப் போகும் நாமே முதலில் முடிவெடுப்போம்.

உஸ்தாதுமார்களுடன் கலந்து பேசி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். மக்தபில் அஸருக்குப் பிறகு அரை மணி நேரம் பிள்ளைகள் வெளியில் விளையாடுவார்கள், அதன் பிறகே பாடம். அடுத்த மாதம் திருச்சியிலிருந்து கண் பரிசோதகரை வரவழைத்து மக்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் பார்வை சோதிப்போம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியை மருத்துவ உதவி நிதியிலிருந்து வாங்கிக் கொடுப்போம். விவரம் அலுவலகத்தோடு நிற்கும், வெளியே போகாது.

பிள்ளைகளின் கண் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பரிசோதனை நாளில் உங்கள் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, தவறாமல் அழைத்து வாருங்கள்.