இரவல் தாளமும் சொந்த முரசும்



பெங்களூரில் குடியேறிய தமிழர் இல்லங்களில் இப்பொழுது ஒரு வழக்கு ஓயாமல் நடக்கிறது. பிள்ளைகள் கேட்பது பாட்டன்று, இரைச்சல் என்பர் பெரியோர். அவ்விரைச்சலின் குலங்கோத்திரத்தைச் சற்று விசாரிப்போம்.

பிரேசில் நாட்டின் ரியோ டி ஜனேரோ நகரில், குன்றுகளில் நெருங்கிய ஏழைக் குடியிருப்புகளிலே, 1980-களில் ஃபங்க் என்னும் ஆட்ட இசை தோன்றிற்று. அமெரிக்காவின் மயாமி நகரத்து இசைத்தட்டுகளே அதற்கு மூலம். இரவல் தாளத்தில் தொடங்கிய அம்மக்கள், ஆப்பிரிக்க முன்னோர் வழிவந்த கைமுரசின் ஓசையை நாளடைவில் அதனுள் ஏற்றினர். பின்னர் அது அவர்களது சொத்தாயிற்று. டிராப் என்பதோ அட்லாண்டாவின் கறுப்பின இளைஞர் வளர்த்தது. அடியிலே நெஞ்சை அதிர்விக்கும் மந்தர நாதம். மேலே நெல் பொரிவதுபோல் தாளச் சிதறல். ஜப்பானியரின் ரோலண்டு நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 808 என்னும் தாளப்பொறியின் ஓசை இரண்டு மரபுகளிலும் உண்டு. ஆதலின் பிரேசில் இளைஞர் இன்று இவ்விரண்டையும் குழைப்பது, பிரிந்த பங்காளிகள் ஒரே பந்தியில் அமர்வதை ஒக்கும். நடையும் இடங்கொடுக்கிறது. டிராப், நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 தட்டு. பாதியாக எண்ணினால் விளம்பம், முழுமையாக எண்ணினால் ஃபங்க் ஆட்டத்தின் விரைவு.

இனி நாம் வாழும் ஊருக்கு வருவோம். பெங்களூரில் பாடிப் பெயர் பெற்ற ஹனுமான்கைண்ட், கேரளத்தில் பிறந்து ஹூஸ்டனில் வளர்ந்தவர். அவருடைய 'பிக் டாக்ஸ்' 2024-இல் உலகெங்கும் ஒலித்தது. 2025 மார்ச்சில் வந்த 'ரன் இட் அப்' பாட்டிலோ கேரளத்துச் செண்டை முழங்குகிறது. அடுத்த மாதம் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவிலும் செண்டைக் கலைஞர் அவருடன் மேடையேறினர். செண்டை அங்கே ஊறுகாயன்று, சோறு.

இதைக் கேட்கையில் நம் பறையின் நினைவு வந்து உறுத்துகிறது. அதைச் சாவு வீட்டுக்கென ஒதுக்கி, அடித்தவரையும் ஒதுக்கியவர்கள் நாமே. கன்னடத்து அண்டை வீட்டார் அதன் உறவுக் கருவியைத் தமட்டே என்பர். (நம் தம்பட்டத்துக்கு அச்சொல் எத்துணை அணுக்கம்!) இந்நகரத்துத் திருவிழாக்களில் அது முழங்கும்போது, தமிழ் அறியாத நம் பேரப்பிள்ளையின் காலும் தாளமிடுகிறது. அப்பிள்ளை நாளை பறை பயில விரும்பினால், நாம் என்ன விடை சொல்வோம்?

அதற்குமுன் ஒரு வேண்டுகோள். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் மந்தர நாதம் எழும்பாது. மேலுள்ள சிதறல் மட்டுமே கேட்கும். நாம் இரைச்சல் என்றது பெரும்பாலும் அதைத்தான். இன்றிரவு பிள்ளையின் காதணிக்கருவியை ஒருமுறை கேட்டு வாங்குங்கள்.